கொசுறு

"எம்பொண்டாட்டிய எனக்குத் திருப்பிக் குடுத்துருங்க, மேடம்."

சொரிமுத்து வாசலிலேயே நின்றுகொண்டு இதைச் சொன்னான். ஆட்டோவை அடிவாரத்தில் விட்டுவிட்டு ஜீப் பாதையில் நடந்தே மேலே வந்திருக்கிறான். காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குளவிக் கூண்டுகளுக்குத் தேன் கலந்த தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த அமலோற்பவம், கையிலிருந்த பஞ்சை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"செல்லத்தங்கத்துக்கு என்ன? நல்லாத்தானே இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கா. அதான் பயமா இருக்கு."

உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். அவன் உட்காரவில்லை. அம்பாசமுத்திரத்துக்கு மேலே, நாவல்முடி என்று பேர்கொண்ட அந்த மலைச்சரிவில் தகரக் கூரை போட்ட மூன்று அறைகள்தான் ஆய்வு நிலையம். அமலோற்பவம் அங்கேயே சமைத்து, அங்கேயே தூங்கி, குளவிகளோடு காலம் தள்ளுகிறவள். தூத்துக்குடியில் அக்கா ஒருத்தி இருக்கிறாள். மற்றபடி தேடி வருவதற்கு ஆள் கிடையாது. இப்படி ஒருவன் வந்து தன் வீட்டுக்காரியைக் கேட்டு நிற்பது அவளுக்குப் புதிது.

"சின்னவளுக்குக் காய்ச்சல்னு ஆள் அனுப்புனேன். வந்தா. வந்து புள்ள நெத்தியில கைய வச்சா. வச்ச கை வச்சபடி இருக்கு, மூஞ்சி சன்னல் பக்கம் திரும்பிட்டு. எந்திரிச்சுக் கொல்லைக்குப் போறா. அங்க முருங்கையில கம்பளிப்பூச்சி. அதைப் பாத்துக்கிட்டே நிக்கா மேடம், சிரிச்ச மூஞ்சியா. உள்ள புள்ள அம்மா அம்மாங்குது. லீவு நாள்லகூட இப்ப வாரதில்ல. ஊர்ல மோப்பக்காரின்னு பேரு வச்சுட்டாங்க. அவ மூக்குக்குள்ள என்னத்தத்தான் வச்சிருக்கீங்க?"

"வைக்கிறதுக்கு முன்னாடியே உங்ககிட்டயும் சொன்னோமே."

"அன்னிக்கு நீங்க இங்கிலீசுல சொன்னீங்க. நான் தலைய ஆட்டுனேன். இப்பத் தமிழ்ல சொல்லுங்க."

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"புல்லு வெட்டினா ஒரு வாசம் வருமே? அந்த மாதிரி, இலையைப் புழு கடிச்சா மரத்துலேர்ந்து ஒரு வாசம் கிளம்பும். எந்தப் புழு கடிக்குதோ அதுக்குத் தகுந்த வாசம். நம்ம மூக்குக்கு அது தெரியாது. குளவிக்குத் தெரியும். வாசத்தைப் பிடிச்சு வந்து, புழுவுக்குள்ள முட்டை போட்டுட்டுப் போயிரும். முட்டை பொரிஞ்சு, குஞ்சு உள்ள இருந்தே புழுவைத் தின்னும். மரம் பிழைச்சுக்கும்."

"மரம் கத்தும், குளவி போலீசு மாதிரி வரும்."

"அப்படித்தான் வச்சுக்கோங்க."

"அப்பப் போலீசு வரட்டும். எம்பொண்டாட்டி எதுக்கு?"

அமலோற்பவத்துக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "போலீஸ் செத்துப்போச்சு, சொரிமுத்து. கீழ வயல்ல அடிக்கிற மருந்து காத்துல ஏறி வந்து வருஷக்கணக்காக் கொன்னுருச்சு. புழு மட்டும் பெருகிப்போச்சு. மலையில வெடிபலா மரமெல்லாம் மொட்டையா நின்னதை நீங்களே பாத்திருப்பீங்க. குரங்கெல்லாம் திங்க அந்தப் பூ கிடைக்காம ஊருக்குள்ள வந்துச்சு. அதனால குளவியை நாங்க இங்க கூண்டுல வளர்க்கிறோம். ஆனா எந்த மரத்துல கொண்டுபோய் விடறது? இத்தனை பெரிய காட்டுல கத்துற மரத்தைக் கண்டுபிடிக்கணும். மெஷின் வச்சுப் பாத்தோம். மழை வந்ததும் மெஷினுக்கே ஜலதோஷம் பிடிச்சுக்கிச்சு. மனுஷ மூக்குதான் தாங்குச்சு. அதான் வேப்பங்கொட்டை அளவுக்கு ஒரு சிப்பை மூக்குக்குள்ள வச்சு, அந்த வாசம் தெரியற மாதிரி பண்ணியிருக்கோம்."

"வாசம் தெரியட்டும். சிரிப்பு எதுக்கு வருது?"

பதில் தெரியாமல் இல்லை. "விசாரிக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள். அவன் டீகூடக் குடிக்காமல் இறங்கிப் போனான்.

மறுநாள் காலையில் செல்லத்தங்கத்தோடு அவளும் காட்டுக்குள் போனாள். ஐந்து பேர் தேடுகிறவர்களாக வேலைக்கு இருந்தார்கள். அவர்களில் செல்லத்தங்கத்தை யாரும் மிஞ்ச முடியாது. ஒல்லியான தேகம், முழங்காலுக்குக் கீழே ஏற்றிச் செருகிய சேலை, மேலே ஓர் ஆண்பிள்ளைச் சட்டை. நடந்துகொண்டே இருந்தவள் சட்டென்று நின்று தாடையை உயர்த்தினாள். மூக்குத் துவாரங்கள் விரிந்தன. பிறகு இடதுபக்கம் கொஞ்சம், வலதுபக்கம் கொஞ்சம் என்று அலைந்தபடி முன்னேறினாள். குளவி காற்றில் வாசத்தைத் தொடரும்போது இப்படித்தான் ஆடி ஆடிப் போகும் என்பது அமலோற்பவத்துக்குத் தெரியும். அதை ஒரு மனுஷியின் நடையில் பார்க்க என்னவோ செய்தது.

"இந்தா, இங்க!" செல்லத்தங்கம் ஒரு வெடிபலாவின் தாழ்ந்த கிளையை வளைத்துக் காட்டினாள். முகம் முழுக்க வெளிச்சம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை முதலில் பார்த்துவிட்ட சிறுமி மாதிரி இருந்தாள்.

போன மாதம் குளவி விட்ட மரம்தான் அது. புதுப்புழுக்கள் சில இருந்தன. அவற்றுக்கு நடுவே ஓர் இலையில், குளவி முட்டையிட்ட பழைய புழு ஒன்று தெரிந்தது. அதன் உடம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்த குஞ்சுகள் பக்கத்திலேயே அரிசிமணி போல வெள்ளை வெள்ளையாகக் கூடு கட்டியிருந்தன. புழு சாகவில்லை. கூடுகளின்மேல் வில்லாக வளைந்து நின்றது. எறும்பு ஒன்று நெருங்கியபோது தலையைச் சுழற்றி அடித்து விரட்டியது.

"இது ஏன் மேடம் போகமாட்டேங்கு? இலை பக்கத்துலதான இருக்கு, திங்கலாம்லா?"

"திங்காது. இனிமே திங்கவே திங்காது. குளவியெல்லாம் வெளிய பறக்கிற வரைக்கும் அந்தக் கூட்டுக்குக் காவல் நிக்கும். அப்புறம் செத்துரும்."

"தன்னத் தின்னதுக்கே காவலா? யாரு சொல்லி நிக்குது?"

"ஒண்ணு ரெண்டு குஞ்சு உள்ளயே தங்கியிருக்கும். அதுதான் நிக்க வைக்குதுன்னு நினைக்கிறோம். சரியாத் தெரியாது."

"புழுவுக்கு அது தெரியுமா?"

"அதுக்கு என்ன தெரியும்? நிக்கணும்னு தோணும், நிக்கும்."

சொல்லி முடித்ததும் தன் குரலே தன் காதில் வேறு மாதிரி விழுந்தது. அமலோற்பவம் தலையைக் குனிந்தாள். செல்லத்தங்கத்தின் கால்களில் அட்டைகள் கொழுத்துத் தொங்கின. ரத்தம் பாதம்வரை வழிந்து காய்ந்திருந்தது. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்த்தால், நேற்று வைத்த புளிச்சோறு நேற்று வைத்தபடி இருந்தது.

"நேத்து நீ சாப்பிடல."

"மறந்துட்டு."

"புள்ளைக்குக் காய்ச்சல்."

செல்லத்தங்கத்தின் முகம் சட்டென்று சுருங்கியது. "அவரு வந்தாராக்கும்." கிளையை விட்டாள். அது மேலே எழும்பித் தண்ணீரைத் தெளித்தது. "மேடம், பாவாட கட்டுன வயசுலருந்து பீடி சுத்துனவ நான். தட்ட மடியில வைக்கையில ஒரு நாளாவது மனசு துள்ளிச்சான்னு கேளுங்க. இல்ல. இப்பதான் காலையில முழிச்சதும், இன்னிக்கு வேலை இருக்குன்னு நெனச்சா குதியாளமா இருக்கு. ஆம்பளைக்கு வேலை புடிச்சிருந்தா கெட்டிக்காரன்னு சொல்லுவாங்க. எனக்குப் புடிச்சிருந்தா மட்டும் நோயா?"

அமலோற்பவம் உப்புப் பையை எடுத்து அட்டைகளை ஒவ்வொன்றாக விழவைத்தாள். அவள் செய்து முடிக்கும்வரைகூட அந்தக் கால்கள் நிலைகொள்ளவில்லை.

சித்தார்த்தன் பெங்களூரில் இருந்தான். சிப்பை வடிவமைத்தவன் அவன்தான். இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள், இத்தனை வருஷமும் விடாத நட்பு. மலையில் நெட்வொர்க் கிடையாது. மூக்கில் இருக்கும் சிப்புகள் பேசுவதெல்லாம் அமலோற்பவத்தின் போனோடு மட்டும்தான். அவனைக் கூப்பிட வேண்டுமானால் அணைக்கட்டு வளைவுவரை இறங்கி வர வேண்டும். இறங்கினாள்.

"சித்து, கொசுறு எவ்வளவு வச்சிருக்கோம்?"

கொசுறு என்பது அவர்களுக்குள் வழங்கிய பேர். புதிய வாசத்தை மூளை சும்மா கற்றுக்கொள்ளாது. வாசம் கூடக் கூட ஒரு சொட்டு சந்தோஷத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் கற்றுக்கொள்ளும். காய்கறிக்காரர் கடைசியில் கொத்தமல்லியைப் பையில் போடுவது மாதிரி என்று சித்தார்த்தன் ஆரம்பத்தில் சொன்னான். அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

"ஜூன்ல கொஞ்சம் கூட்டினோம்" என்றான் அவன். "மழையில எல்லாரும் சோர்ந்துபோறாங்கன்னு."

"கூட்டினோமா? யாரு?"

"அப்டேட் அனுப்பினேனே. நீதான் ஓகே கொடுத்த."

அவளுக்கு அந்த அப்டேட் ஞாபகம் இருந்தது. கூண்டுக்குள் பூசணம் பிடித்த பதற்றத்தில், படித்துப் பார்க்காமல் அழுத்தியிருந்தாள்.

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"மூணு மடங்கு."

"சித்து!"

"இரு, இரு. பலனைப் பாரு. மேல இருந்து எடுத்த படத்துல அந்தச் சரிவு பூரா மறுபடி பச்சை. குரங்கு மலைக்குத் திரும்பிருச்சு. அழிஞ்சே போயிரும்னு எழுதி வச்ச காடு அது. அதை வேண்டாம்னு சொல்லுவியா?"

சொல்ல முடியவில்லை. அதுதான் அவளை அலைக்கழித்தது. வளைவின் கட்டைச் சுவரோரமாக முன்னும் பின்னும் நடந்தாள்.

"அந்தப் பொண்ணு சாப்பிடலடா. வீட்டுக்குப் போகல. காலை அட்டை தின்னுது, தெரியல."

"சந்தோஷமா இருக்காங்களா இல்லையா?"

"அதைத்தான் சொல்றேன்!"

"உற்பவம், நீ கோபப்படாம கேளு. தேயிலைக் கம்பெனி ஒண்ணு எங்ககிட்ட பேசிட்டிருக்கு. பக்குவமான கொழுந்துக்கும் தனி வாசம் இருக்காம். பறிக்கிறவங்களுக்கு வைக்கலாமான்னு கேக்கிறாங்க. நிபுணர் குழு உக்காரப் போகுது. உன் அறிக்கையை வச்சுத்தான் முடிவு."

அமலோற்பவம் நின்றுவிட்டாள். மலை மலையாகத் தேயிலை. அதில் வரிசை வரிசையாகப் பெண்கள், தாடையை உயர்த்தி, சிரித்த முகத்தோடு. ஒருத்தியும் லீவு கேட்கமாட்டாள். கூலி போதாது என்று சொல்லமாட்டாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

"அது கொடுமை" என்றாள்.

"பிடிச்சு ஒரு வேலையைச் செய்யறதுல என்ன கொடுமை?"

"நீ அதைப் போட்டுப் பாத்திருக்கியா?"

"நீ?"

இரண்டு பேரும் போட்டுப் பார்த்ததில்லை.

அடுத்த வாரமே திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் அவள் சிப்பை வைத்துக்கொண்டாள். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற வேலைதான். முதலில் சில நாட்கள் ஒன்றும் தெரியவில்லை. மூக்கு அடைத்த மாதிரி இருந்தது, அவ்வளவே. பிறகு ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டு வெளியே நின்றபோது, மழைக்கு முன்னால் வரும் மண்வாசனையில் பச்சை மாங்காயைக் கீறி வைத்தது போல ஒன்று வந்து போனது. தலையைத் திருப்பினாள். கூடியது. ஓரடி வைத்தாள். தொண்டைக்குக் கீழே ஏதோ ஒரு முடிச்சு மெல்ல அவிழ்ந்தது.

சின்ன வயதில் பனிமய மாதா திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோய், அழுதழுது கடைசியில் தூரத்தில் அப்பாவின் சட்டையைக் கண்டுகொண்ட நேரம் ஒன்று உண்டு. அந்த நேரத்தின் நிம்மதி அப்படியே வந்தது. ஓரடிக்கு ஒருமுறை வந்தது. பிரஷ்ஷோடு அவள் காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள். மரத்தைக் கண்டுபிடித்து, இலையைப் புரட்டி, புழுவைப் பார்த்தபோது கண்ணில் தண்ணீர் முட்டியது. திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பசிக்கவேயில்லை.

அன்று மாலையே அவளுக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. இதை யாருடைய தலைக்குள்ளும் விட்டுவைக்கக் கூடாது.

ஐந்து பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள். கொசுறு என்றால் என்ன, யார் கூட்டினார்கள், தான் எப்படி ஓகே கொடுத்தாள், தேயிலைக் கம்பெனி கேட்பது, வேண்டாம் என்று தான் அறிக்கை எழுதப்போவது, எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். "உங்களுக்கு வர்ற சந்தோஷம் உங்களோடது இல்ல. வெளிய இருந்து ஊத்துறது. அதை நிறுத்தப் போறேன். சம்பளத்துல கை வைக்கமாட்டேன். இந்த சீசன் முடியற வரைக்கும் கன்னு வளர்க்கிற நர்சரி வேலை பாருங்க."

முன்பு எஸ்டேட்டில் வேலை பார்த்த ஆறுமுகநயினார்தான் முதலில் வாயைத் திறந்தார். "எந்தச் சந்தோஷம் மேடம் உள்ள இருந்து வருது? வயல் வெளைஞ்சா வருது, புள்ள சிரிச்சா வருது. எல்லாம் வெளிய இருந்துதான்."

செல்லத்தங்கம் எழுந்தே நின்றுவிட்டாள். "வைக்கையில கையெழுத்து வாங்குனீங்கள்லா? எடுக்கையில ஒரு வார்த்த கேக்க வேண்டாமா?"

"கேட்டா நீ சரின்னு சொல்லுவியா?"

"சொல்லமாட்டேன்."

"அதனாலதான் கேக்கல."

போனில் ஆறு பேர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஐந்தாவது பேரை அழுத்தியபோது செல்லத்தங்கத்தின் தாடை இறங்கியது. யாரோ அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்து சட்டென்று நிறுத்தியது போலச் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு பாதையில் இறங்கினாள். ஜீப்பில் கொண்டுவிடுகிறேன் என்று அமலோற்பவம் பின்னாலேயே ஓடினாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறாவது பேர் அமலோற்பவத்தினுடையது. அதை மட்டும் அழுத்தவில்லை.

கூண்டுகளில் குளவிகள் தயாராக இருந்தன. அவற்றை வீணாக்க முடியாது. எந்த மரத்தில் விடுவது என்று சொல்ல ஒரு ஆளாவது வேண்டும். தவிர, அறிக்கை எழுதப் போகிறவள் சிப் வேலை செய்யும்போது நடப்பதைக் குறித்துக்கொண்டால் எழுத்துக்கு வலு. இந்த வாரம் மட்டும். எல்லாமே நியாயமான காரணங்களாக இருந்தன. அவள் போனைப் பைக்குள் வைத்தாள்.

"ஆறையும் அணைச்சாச்சா?" என்று, அவள் வளைவுக்கு இறங்கிக் கூப்பிட்டபோது சித்தார்த்தன் கேட்டான்.

"அணைச்சாச்சு" என்றாள். பொய் இத்தனை சுலபமாக வரும் என்று அவளுக்கே தெரியாது.

அந்த வாரம் போய் அடுத்த வாரமும் போனது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஐந்து பேர் பார்த்த வேலையை அவள் ஒருத்தியே பார்த்தாள். காலையில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதுதான் அவளுடைய நாள். உட்கார முடியவில்லை. சோறு வைத்தால் பாதியில் எழுந்துவிடுவாள். புத்தகத்தைத் திறந்தால் ஒரே வரியில் கண் நிற்கும். அம்மாவின் நினைவுப் பூசைக்கு வரச்சொல்லி அக்கா தெக்லா இரண்டு தடவை ஆள் அனுப்பினாள். மழை என்று சொல்லிவிட்டாள். மழையில்தான் அன்று முழுக்க அலைந்தாள்.

அறிக்கையைத் தொடங்கியிருந்தாள். 'இந்தக் கருவியை எந்தத் தொழிலாளிக்கும் பொருத்தக் கூடாது' என்பது முதல் வரி. சில நாள் கழித்துப் பார்த்தபோது அது மிகவும் கடுமையாகத் தோன்றியது. 'தகுந்த கட்டுப்பாடுகளுடன்' என்று இடையில் சேர்த்தாள். பிறகு மடிக்கணினியைத் திறக்கவேயில்லை. குழு கூடும் தேதியை நினைவுபடுத்திச் சித்தார்த்தன் அனுப்பிய செய்திகள், வளைவுவரை இறங்கிப் போனால் வந்து சேரும். அவள் இறங்கவில்லை.

ஒரு பிற்பகலில், தூறலுக்கு நடுவே, செல்லத்தங்கம் மலையேறி வந்தாள். நிலையம் திறந்து கிடந்தது, ஆள் இல்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து காய்ந்துபோயிருந்தது. அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, காற்று வரும் பக்கம் பார்த்து நடந்தாள்.

ஓடைக்குப் பக்கத்தில் அமலோற்பவத்தைக் கண்டுபிடித்தாள். தாடையை உயர்த்தி நின்றுகொண்டிருந்தாள். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

"மேடம்."

காதில் விழவில்லை. செல்லத்தங்கம் முன்னால் போய் நின்றாள்.

"மேடம், உங்களோடத அணைக்கலையா?"

அமலோற்பவம் தூக்கத்திலிருந்து எழுப்பினாற்போல் அவளைப் பார்த்தாள். "அளவெடுக்கத்தான். ஒப்பிட்டுப் பாக்க ஒரு ஆள் வேணும்ல..."

"மேடம்."

அதற்குமேல் அந்த வாக்கியம் நகரவில்லை. கன்னத்தில் மழை வழிந்தது. திட்டப் போகிறாள் என்று நினைத்தாள். செல்லத்தங்கம் திட்டவில்லை. குரலைத் தாழ்த்தி, ரகசியம் கேட்பது போலக் கேட்டாள்:

"எந்தப் பக்கம்?"

யோசிக்காமலேயே கை நீண்டது. "ஓடைக்கு அந்தாண்ட. ரெண்டு மரம்."

"பெரிய மரமா?"

"ஒண்ணு பெரிசு. இன்னொண்ணு இப்பதான் கத்த ஆரம்பிச்சிருக்கு."

செல்லத்தங்கம் கண்ணை மூடி ஆழமாக மூச்சை இழுத்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். கண்ணைத் திறந்தபோது உதடு கோணியது. "எனக்கு ஈரந்தான் வருது" என்றாள்.

பிறகு அமலோற்பவத்தின் தோளில் தொங்கிய பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்து, அவள் விரலையே பிடித்து வைத்துத் திறந்தாள். ஆறு பேர்கள் வந்தன. ஐந்து கறுப்பாக, ஒன்று பச்சையாக.

"எங்கள நீங்க கேக்கல. நான் கேக்குதேன். அணைக்கட்டுமா?"

அமலோற்பவத்துக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அறிக்கையின் முதல் வரி, தான் சொன்ன பொய், தேயிலைச் சரிவில் வரிசையாக நிற்கப்போகும் பெண்கள், எல்லாமே துல்லியமாகத் தெரிந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தன, அவ்வளவுதான். வாய் தன் போக்கில் சொன்னது: "அந்த ரெண்டு மரத்தை மட்டும் பாத்துட்டு..."

செல்லத்தங்கம் அழுத்தவில்லை. பக்கத்தில் இருந்த வேரில் உட்கார்ந்து, போன் நனையாமல் முந்தானையால் மூடிக்கொண்டாள். "சரி. பாத்துட்டு வாங்க. நான் இருக்கேன்."

அமலோற்பவம் ஓடையில் கால் வைத்தாள். தண்ணீர் சில்லென்று ஏறியது. அந்தப் பக்கத்திலிருந்து பச்சை மாங்காய் வாசம் திரண்டு வந்தது, முடிச்சு அவிழ்ந்தது, இன்னும் ஓரடி வைத்தால் இன்னும் அவிழும். நடு ஓடையில் திரும்பிப் பார்த்தாள். செல்லத்தங்கம் மழையில் குறுகி உட்கார்ந்திருந்தாள். விரல் போனின்மேல் இல்லை. கையை முந்தானைக்குள் மடக்கி வைத்திருந்தாள், எங்கே தன்னையறியாமல் அழுத்திவிடுவோமோ என்று பயந்தவள் மாதிரி.

அமலோற்பவம் ஓடைக்குள்ளேயே நின்றாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. கால் மரத்துப்போனது.

"அணைச்சிரு" என்றாள்.

"நெசமாவா?"

"கேக்காத. சீக்கிரம்."

"கேப்பேன். அணைக்கட்டுமா, மேடம்?"

"ம்."

காற்று அடித்தது. அதில் இலை வாசம் இருந்தது, சேற்று வாசம் இருந்தது. வேறொன்றும் இல்லை. அந்தாண்டை இருந்த மரங்களில் எது என்று அவளுக்கு இப்போது தெரியவில்லை. எல்லாம் ஒன்றுபோல நின்றன. அப்படியே உட்காரப் போனவளைச் செல்லத்தங்கம் தண்ணீருக்குள் இறங்கிவந்து தாங்கிக்கொண்டாள்.

"மொத ரெண்டு வாரம் சோறு மண்ணு மாதிரி இருக்கும்" என்றாள். "யாரு பேசினாலும் எரிச்சல் வரும். புள்ளைய அடிச்சேன் மேடம், ஒரு நாளு. அப்புறம் குறையும். போயிரும்னு பொய் சொல்லமாட்டேன். குறையும்."

இருவரும் ஒருவரையொருவர் பிடித்தபடி பாதையில் இறங்கினார்கள். நிலையத்தின் கூரை தெரிந்தபோதுதான் அமலோற்பவத்துக்குக் கேட்கத் தோன்றியது.

"நீ எதுக்கு வந்த, செல்லத்தங்கம்? அவ்வளவு கோவமாப் போனியே."

செல்லத்தங்கம் முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"ஊருக்குள்ள ஆளு வந்திருக்கு மேடம். தேயிலைத் தோட்டத்துக்குப் பொம்பளைங்க வேணும்னு. மூக்குல வைக்கணுமாம். ஏற்கெனவே வச்சிருந்தா ரொம்ப நல்லதாம், திருப்பிப் போட்டு விட்டுருவாங்களாம். நீங்கதான் வேண்டாம்னு எழுதப் போறதாச் சொன்னீங்களே, எழுதலையான்னு கேக்க வந்தேன்."

"எழுதிடறேன். குழு கூடறதுக்கு முன்னாடி, இன்னிக்கே."

"இன்னிக்கே எழுதணும்." செல்லத்தங்கம் நின்றாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். "நான் பேரு குடுத்துட்டேன் மேடம். அவருக்குத் தெரியாது. திங்கக்கிழமை வண்டி வருது. ஏறக்கூடாதுன்னு தெரியும். தெரிஞ்சாலும் ஏறிருவேன். நீங்க எழுதி நிறுத்துங்க."

உள்ளே வந்து அமலோற்பவம் மடிக்கணினியைத் திறந்தாள். முதல் வரியில் தான் இடையே சேர்த்திருந்த சொற்களை அழித்தாள். செல்லத்தங்கம் அடுப்பைத் துடைத்துவிட்டு, கதவைச் சாத்தி, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"வாசிச்சுக்கிட்டே எழுதுங்க" என்றாள். "நான் கேக்கணும்."